ஸ்லோ குக்கரில் சமைச்சா என்ன லாபம்? ராஜ்மா போடும் முன் இதைக் கவனிங்க!

காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால், சாயங்காலம் குழம்பு ரெடி. அதுதான் ஸ்லோ குக்கர். 1971-ல் அமெரிக்காவில் 'கிராக்-பாட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்து பிரபலமானது.

எப்படி வேலை செய்கிறது?

பீங்கான் பாத்திரத்தைச் சுற்றி மிதமான சூடு பரவும். விசில், பிரஷர் எதுவும் கிடையாது. 'லோ'வில் 7-8 மணி நேரம், 'ஹை'யில் 3-4 மணி நேரம் ஆகும்.

என்ன பயன்?

* ஆட்டுக்கால் போன்ற கெட்டியான கறியும் பஞ்சு மாதிரி வெந்துவிடும். அதிலுள்ள கொலாஜன் மெல்ல ஜெலட்டினாக மாறுவதே காரணம்.
* பக்கத்தில் நின்று கிளற வேண்டாம்.
* ஆவி அதிகம் வெளியேறாது; தண்ணீர் குறைவாக ஊற்றினாலே போதும்.

எதில் உஷார்?

ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது. வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சு, குறைந்த சூட்டில் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்க. புதுத் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் குறைந்தது 10 நிமிடம் தளதளன்னு கொதிக்க விடுங்க. 30 நிமிடம் என்றால் இன்னும் பாதுகாப்பு. அதன்பிறகே ஸ்லோ குக்கர்.

ஃப்ரீசர் கறியையும் ஐஸ் முழுசா விட்ட பிறகே போடணும். அடிக்கடி மூடியைத் திறந்தால் சூடு இறங்கி, வேக நேரமாகும்.