ஸ்டாக்டனின் 125 பேர், சிகாகோவின் 5,000 குடும்பங்கள்

அமெரிக்க நகரங்கள் நடத்திய உறுதி வருமானத் திட்டங்களை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மாதம் 500 டாலர், நிபந்தனை கிடையாது, எதற்குச் செலவழித்தாய் என்ற கேள்வியும் கிடையாது. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுதான். ஆனால் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனும் இல்லினாயின் சிகாகோவும் அதே 500 டாலரைக் கொடுத்த விதத்தை அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் வெவ்வேறு கேள்வியோடு இறங்கியவை என்று தெரிகிறது. ஏழையின் கையில் பணத்தை நம்பிக் கொடுக்கலாமா என்பது ஸ்டாக்டனின் கேள்வி. சிகாகோ அதைத் தாண்டி வந்துவிட்டது. எத்தனை பேருக்கு, யார் பணத்தில் என்பதுதான் அதன் தலைவலி.

ஸ்டாக்டன் மூன்று லட்சம் பேர் வாழும் ஊர். வீட்டுக்கடன் நெருக்கடியில் நொறுங்கி, 2012-ல் திவால் மனு கொடுத்தது. அதுவரை அமெரிக்காவில் திவாலான நகரங்களில் அதுவே பெரியது; மறு ஆண்டு டெட்ராய்ட் அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. அப்படிப்பட்ட ஊரில் 2016-ல் மேயராகத் தேர்வானவர் 26 வயது மைக்கேல் டப்ஸ். மார்ட்டின் லூதர் கிங் 1967-ல் முன்வைத்த உறுதி வருமான யோசனையைப் படித்து ஈர்க்கப்பட்டவர். கஜானாவில் கைவைக்க வழியில்லை. ஃபேஸ்புக்கின் இணை நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ் ஹியூஸ் பங்கேற்றுத் தொடங்கிய எகனாமிக் செக்யூரிட்டி பிராஜெக்ட் 10 லட்சம் டாலர் கொடுத்தது. மற்ற நன்கொடைகளும் சேர்ந்தன. வரிப்பணம் இல்லாமல், ‘சீட்’ என்ற சுருக்கப் பெயரோடு, 2019 பிப்ரவரியில் முதல் தொகை டெபிட் கார்டுகளில் ஏறியது. 18 மாதத் திட்டம், கொரோனா வந்ததால் 24 மாதமாக நீண்டது.

பெற்றவர்கள் வெறும் 125 பேர். அவர்கள் தேர்வான முறைதான் எனக்குப் பிடித்த பகுதி. இடைநிலைக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 46,033 டாலருக்கு மிகாத பகுதிகளில் 4,200 வீடுகளுக்குக் கடிதம் போயிற்று. அந்தப் பகுதியில் வசிக்கும், 18 வயது நிரம்பிய எவரும் சேரலாம். தனி ஆளின் வருமானத்தை யாரும் அளக்கவில்லை. கொஞ்சம் வசதியானவர் ஒருவர் உள்ளே வந்துவிடலாம்தான். ஆனால் ‘நான் ஏழை’ என்று எந்த மேசைக்கு முன்னாலும் நின்று நிரூபிக்க வேண்டியதில்லை. இந்தக் கண்ணியத்துக்கு அந்தச் சிறு கசிவைத் தாராளமாக விலையாகக் கொடுக்கலாம்.

2021 மார்ச்சில் முதலாண்டு முடிவுகள் வந்தபோது எல்லாரும் பிடித்துக்கொண்டது வேலைக் கணக்கை. பணம் பெற்றவர்களில் முழுநேர வேலையில் இருந்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமானார்கள். பணம் பெறாத ஒப்பீட்டுக் குழுவில் 32 சதவீதம் 37 ஆயிற்று. சோம்பேறித்தனம் வளரும் என்ற பழியை முறியடிக்க இது போதுமான எண்தான். இருந்தாலும் 125 பேரையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 புள்ளி என்பது 15 பேர். ஒப்பீட்டுக் குழுவின் உயர்வையும் கழித்தால் ஏறத்தாழ ஒன்பது பேர். ஒன்பது பேரை வைத்து ஒரு நாட்டின் வாயை அடைக்க முடியாது. கொரோனா காலத்தில் அந்த வித்தியாசமும் மங்கியது. பின்னர் டெக்சஸிலும் இல்லினாயிலும் 1,000 பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் கொடுத்து ஓப்பன் ரிசர்ச் நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. அதில், பெற்றவர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வேலையைக் குறைத்திருந்தார்கள். வேலை கூடியதா குறைந்ததா என்ற பந்தயத்தில் திட்டத்தின் மானத்தைப் பணயம் வைத்தது ஸ்டாக்டன் ஆதரவாளர்களின் அவசரம் என்றே சொல்வேன்.

அதைவிடக் கனமான தகவல் அதே அறிக்கையில் கிடக்கிறது. திடீரென்று 400 டாலர் செலவு வந்தால் கடன் வாங்காமல் கையிருப்பில் சமாளிப்பேன் என்றவர்கள் தொடக்கத்தில் 25 சதவீதம், ஓராண்டில் 52. மாதா மாதம் வருமானம் ஏறி இறங்குவதும் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவு. கார்டு வழிச் செலவில் முதலிடம் உணவுக்கு. மதுவுக்கும் புகையிலைக்கும் போனது ஒரு சதவீதத்துக்கும் கீழே. நிச்சயமற்ற கூலியில் வாழும் வீட்டுக்கு இந்தப் பணம் செய்தது இதுதான்: மாதக் கடைசியைக் கொஞ்சம் தள்ளி வைத்தது.

சிகாகோ 2022-ல் வந்தபோது காலம் மாறியிருந்தது. மேயர் லோரி லைட்ஃபுட்டின் நிர்வாகம் 3.15 கோடி டாலர் ஒதுக்கியது. கொரோனா மீட்புக்காக 2021-ல் கூட்டாட்சி அரசு நகரங்களுக்கு அனுப்பிய பொதுப் பணம் அது. 5,000 குடும்பங்கள், 12 மாதங்கள், அதே 500 டாலர். பணப்பட்டுவாடா தொண்டு நிறுவனமான கிவ் டைரக்ட்லியிடம். விண்ணப்பிக்கத் தடுமாறுபவர்களைத் தேடிப்போய் உதவும் பணி பெருநகர ஒய்.டபிள்யூ.சி.ஏ.விடம், ஆய்வு சிகாகோ பல்கலைக்கழகத்திடம். ஸ்டாக்டனில் ஒரு மேயரும் சில ஆய்வாளர்களும் சுமந்ததை இங்கே ஒரு நகரத்தின் இயந்திரமே சுமந்தது.

பொதுப் பணம் வந்தால் கூடவே தகுதி விதியும் வரும். வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள் வருமானம் இருக்க வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு அது 69,375 டாலர். கொரோனாவால் பொருளாதார இடர் நேர்ந்திருக்கவும் வேண்டும். அதனால் யாருக்குத் தேவையோ அவருக்கே பணம் போகும் வாய்ப்பு ஸ்டாக்டனைவிடக் கூடியது. கூடவே ஸ்டாக்டன் தவிர்த்த விண்ணப்பமும் சான்றும் திரும்பி வந்தன. மேலே சொன்ன என் விருப்பத்துக்கு இது எதிரானதுதான். ஆனாலும் பொதுப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நகராட்சிக்கு வேறு வழி இருந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். இந்தத் தொகையால் வேறு அரசு உதவி வெட்டுப்படுமோ என்ற பயம் இது போன்ற எல்லாத் திட்டத்திலும் உண்டு. ஸ்டாக்டன் அதற்கென ஆலோசகர்களை வைத்தது, இழப்பை ஈடுகட்டத் தனி நிதியும் ஒதுக்கியது. 125 பேருக்கு அப்படி ஆளாளாகப் பார்க்க முடியும். 5,000 வீடுகளுக்கு அது எளிதல்ல.

அரசியலில் ஒரு விசித்திர ஒற்றுமை. டப்ஸ் 2020 நவம்பரில் தோற்றபோது ஸ்டாக்டனில் பணம் போய்க்கொண்டிருந்தது. 2023 பிப்ரவரியில் லைட்ஃபுட் முதல் சுற்றிலேயே வெளியேறியபோது சிகாகோவிலும் பணம் போய்க்கொண்டிருந்தது. தோல்விக்கு இந்தத் திட்டம் காரணமல்ல. இரண்டு இடத்திலும் வேறு சண்டைகள் இருந்தன. ஆனால் காசு கொடுத்தால் வாக்கு விழும் என்று நம்புபவர்கள் இந்த இரண்டு முடிவுகளையும் ஒருமுறை பார்க்கலாம். பெற்றவர்கள் எண்ணிக்கையில் வாக்காளர்களுக்குப் பக்கத்திலேயே வரமாட்டார்கள் என்பது தனிக் கதை.

நன்கொடையாளர் பணம் தீர்ந்ததும் ஸ்டாக்டன் நின்றது. சிகாகோவின் பணத்துக்கும் காலாவதித் தேதி இருந்தது: மீட்பு நிதியை 2024 இறுதிக்குள் ஒதுக்கி, 2026 இறுதிக்குள் செலவழித்தாக வேண்டும். ஆண்டுதோறும் வரும் சொந்த வருவாயிலிருந்து கொடுப்பதாக இரண்டு திட்டங்களுமே சொல்லவில்லை.

ஆக, எதிலிருந்து அதிகம் தெரிந்துகொள்கிறோம்? ஸ்டாக்டனின் ஆய்வறிக்கையைவிட, சிகாகோவின் விண்ணப்பக் குவியலிலிருந்து என்பேன். 2022 ஏப்ரல் 25 முதல் மே 13 வரை, மூன்று வாரம்கூட நிரம்பாத காலத்தில், 1,76,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். குலுக்கலில் 35 பேரில் ஒருவருக்குத்தான் இடம். ஸ்டாக்டனில் கடிதம் வராத வீட்டுக்குத் தான் விடுபட்டதே தெரியாது. சிகாகோவில் கேட்டும் கிடைக்காதவர்கள் ஒன்றே முக்கால் லட்சத்தை நெருங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டி, 3,250 குடும்பங்களுக்கு இரண்டு ஆண்டுகள் இதே 500 டாலர் என்று தனியாக ஒரு திட்டத்துக்கு விண்ணப்பம் கோரியது. இரண்டு வாரத்தில் 2,33,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன.