வேறு துறைப் பட்டதாரியும் கணினியியல் முதுநிலைப் படிப்பும்: பேராக் தோட்டக் குடும்பங்களை முன்வைத்து

வணிகவியலிலோ தமிழியலிலோ கல்வியியலிலோ இளங்கலை முடித்த ஒருவர் மலேசியாவில் கணினியியல் முதுநிலைப் பட்டம் படிக்கலாம். மலேசியக் கல்வித் தகுதி முகவாண்மை (எம்.கியூ.ஏ.) கணினித் துறைக்கு வகுத்துள்ள தரவரையறை, துறைசாராப் பட்டதாரிகளை முன்தேவைப் பாடங்கள் படிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்கிறது. ஆகவே சேரலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த முன்தேவைப் பாடங்களுக்கு எவ்வளவு காலம் தரவேண்டும், வருபவர் ஏற்கெனவே பெற்ற படிப்பை என்ன செய்யவேண்டும் என்ற கேள்விகளுக்குத்தான் இன்னும் விடையில்லை. அப்பாடங்களின் அளவைப் பல்கலைக்கழகங்களே முடிவுசெய்கின்றன. பெரும்பாலும் ஒரு பருவத்துக்குள் அவை முடிந்துவிடுகின்றன. இந்தக் காலம் போதாது என்பதும், சேர வருபவர் யார் என்பதைத் தவறாக எண்ணியதால்தான் இந்தப் போதாமை நேர்ந்தது என்பதும் என் வாதம். பேராக் மாநிலத்தின் முன்னாள் ரப்பர் தோட்டக் குடும்பங்களிலிருந்து வரும் பட்டதாரிகளைக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

முதலில் அந்த 'வேறு துறை' எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். துறைமாற்றத்தைப் பற்றிப் பேசும்போது, ஒருவர் விரும்பி ஒரு துறையைத் தேர்ந்தெடுத்துப் படித்துவிட்டுப் பின்னர் மனம் மாறி இன்னொன்றுக்கு வருகிறார் என்ற படமே பலர் மனத்தில் இருக்கிறது. பேராக்கில் இந்தப் படம் பலருக்குப் பொருந்தாது.

1877-இல் பிரித்தானிய அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒன்று மரமாக இன்றும் அந்நகரில் நிற்கிறது. அடுத்த அரை நூற்றாண்டில் சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா, தெலுக் இந்தான் வட்டாரங்களில் தோட்டங்கள் பரவின; தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பால்வெட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தொழிலாளர் சட்டங்கள், பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்தவேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தின. நாட்டிலேயே தமிழ்ப்பள்ளிகள் மிக அதிகமாக உள்ள மாநிலமாகப் பேராக் விளங்குவதற்கு, 134 பள்ளிகள் இங்கே நிலைத்ததற்கு, அந்தத் தோட்ட வரலாறே காரணம். விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்கச் செய்தார். அதனால் ஒரு பகுதியினர் நிலைத்தனர். மற்ற இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதும். தொழிலாளர் வாழ்ந்த லயத்து வீடுகள் காலியாக, மக்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் சிம்மோரின் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். இன்று முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் வயதில் இருப்பவர் அப்படிக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளை அல்லது பேரப்பிள்ளை.

இந்தப் பிள்ளை ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, அதன் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. அரசு நடத்தும் பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷன் ஓராண்டில் அறிவியல் துறைகளுக்குக் கொண்டுசேர்க்கும். ஆனால் 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தியபோதும் பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பூர்வகுடியினரும்) 90, ஏனையோர் 10 என்ற விகிதத்தை அரசு அப்படியே வைத்துக்கொண்டது. இடம் கிடைக்காதவர் அருகிலுள்ள பள்ளியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவத்தில் சேர்கிறார். சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் ஆறாம் படிவம் என்றாலே கலைப்பிரிவுதான். அங்கிருந்து அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதி, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. மைய விண்ணப்பத்தில் பல துறைகளை வரிசைப்படுத்திக் கொடுத்து, கிடைத்த இடத்தில் சேர்கிறார். அவருடைய பட்டச் சான்றிதழில் இருக்கும் துறைப்பெயர் அவர் விருப்பத்தைச் சொல்வதில்லை; அந்த ஆண்டு எங்கே இடமிருந்தது என்பதைத்தான் சொல்கிறது. இருபத்தெட்டு வயதில், சொந்தச் சம்பளத்தில், கணினியியலுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அவர் தம் துறையை முதன்முறையாகத் தாமே தேர்ந்தெடுக்கிறார். இவரை மனம் மாறி வந்தவராகப் பார்ப்பது அடிப்படைப் பிழை. இப்படிப் பார்ப்பதால்தான் முன்தேவைப் பாடங்கள் சேர்க்கைக்கான ஒரு சடங்காகச் சுருங்கிவிடுகின்றன.

இனி காலக் கணக்கு. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, தனிப்படிப்பு, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது 4,800 மணி நேரம். பாடவழி முதுநிலைக்கு 40 கிரெடிட், 1,600 மணி நேரம். முன்தேவையாக மும்மூன்று கிரெடிட் கொண்ட மூன்று பாடங்கள் தரப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அது 360 மணி நேரம். பதினான்கு வாரப் பருவத்தில் அதை முடிக்க வாரத்துக்கு ஏறத்தாழ 26 மணி நேரம் தேவை. பகலில் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் பாடக்குறிப்பு எழுதி, வீட்டையும் கவனிக்கும் ஓர் ஆசிரியைக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? வாரத்துக்கு 15 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் அதுவே பெரிது. அந்த வேகத்தில் முன்தேவைப் பாடங்களுக்கு மட்டும் 24 வாரங்கள் ஆகும். தாளில் ஒரு பருவமாக இருப்பது அவர் வாழ்க்கையில் ஏறக்குறைய இரண்டு பருவம்.

மணிக்கணக்கைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. நிரலாக்கம் மெதுவாகப் பிடிபடும் திறன். 2001-இல் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையில் ஒரு பன்னாட்டு ஆய்வுக்குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் நிலை நிரலாக்கப் பாடங்களை முடித்த 216 மாணவர்களைச் சோதித்தது. 110 மதிப்பெண்ணுக்கு அவர்களின் சராசரி 23-ஐக்கூட எட்டவில்லை. நிரலாக்கத்தையே முறையாகப் படித்து வந்த மாணவர்களின் நிலை இது. கொடுக்கப்பட்ட விளக்கத்திலிருந்து தீர்க்கவேண்டிய சிக்கலைப் பிரித்தெடுப்பதே மாணவர்களுக்கு மிகக் கடினமாக இருந்ததாக அக்குழு கண்டது. நிரல்மொழியின் இலக்கணத்தை எட்டு வாரத்தில் மனப்பாடம் செய்யலாம். சிக்கலைப் பிரித்தெடுக்கும் பழக்கம் பல மாதத் தவறுகளின் வழியேதான் கைவரும். தனிநிலைக் கணிதமும் இப்படித்தான். இளங்கலைக் கணினியியலில் சேர்வோரிடம் பொதுவாக எஸ்.பி.எம். தேர்வின் கூடுதல் கணிதப் பாடம் கேட்கப்படுகிறது, இல்லையேல் ஈடாக ஒரு கணிதப் பாடம் தரப்படுகிறது. முதுநிலையில் சேரும் வேறு துறையாரிடம் பட்டத்தின் சராசரிப் புள்ளியே முதலில் பார்க்கப்படுகிறது. ஆறாம் படிவக் கலைப்பிரிவில் வந்தவர் கடைசியாகக் கணிதம் தொட்டது பதினேழு வயதில் என்பதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை. இரண்டாம் பருவத்தில் படிமுறைகளின் சிக்கலளவைப் பாடம் வரும்போது, தமக்கு மூளை போதவில்லை என்று அவர் முடிவுகட்டி விலகுகிறார். போதாதது காலம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதித் தரும்போது இத்தனை அடிப்படை எதற்கு என்று சிலர் இப்போது கேட்கிறார்கள். எழுதிக் கொடுக்கப்பட்ட நிரல் சரியா, எந்த இடத்தில் உடையும் என்று தீர்மானிப்பவருக்கு அடிப்படை முன்பைவிட அதிகமாகத் தேவை என்பதே என் பதில்.

இந்தியாவின் அனுபவம் இங்கே பாடமாக அமையும். அங்கே கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் பட்டமான எம்.சி.ஏ. நெடுங்காலம் மூன்றாண்டுப் படிப்பாக இருந்தது. கணிதம் படித்த எந்தப் பட்டதாரியும் முதலாண்டில் சேரலாம், பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவர்கள் நேரே இரண்டாமாண்டில் சேரலாம். பி.காம். முடித்த எத்தனையோ பேரைத் தமிழ்நாட்டின் மென்பொருள் நிறுவனங்களுக்கு அனுப்பிய வழி இது. அதன் சிறப்பு, இரு வகை மாணவருக்கும் இரு வேறு கால அளவை வெளிப்படையாகவே வைத்திருந்ததில் இருக்கிறது. வேறு துறையாருக்கு ஒரு முழு ஆண்டு கூடுதல். அந்த ஆண்டும் பட்டத்தின் ஒரு பகுதியே. 2020-21 முதல் அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) இப்படிப்பை இரண்டாண்டாகச் சுருக்கி, வேறு துறையாருக்கு இணைப்புப் பாடங்கள் போதும் என்றது. கணினிப் பட்டதாரிகளுக்கு இது வசதி. பி.காம். பட்டதாரிக்கு இது இழப்பு. மலேசியா பின்பற்றவேண்டியது பழைய எம்.சி.ஏ.வின் தர்க்கத்தை.

படிப்பை நீட்டினால் ஏழை மாணவர் வரவே மாட்டார் என்பது வலுவான எதிர்வாதம். நான் அதை எளிதாக ஒதுக்கமாட்டேன். கூடுதல் பருவம் என்றால் கூடுதல் கட்டணம். முதுநிலைப் படிப்புக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம். அது முதுமைக்கான பணம். தோட்டத்தை விட்டு வரும்போது வீடோ நிலமோ இல்லாமல் வந்த குடும்பத்தில் அந்தச் சேமிப்பு எவ்வளவு பெரியது என்பதை வெளியிலிருப்பவர் எளிதில் உணரமாட்டார்கள்.

ஆனால் இந்த எதிர்வாதத்துக்கு விடை தகுதிக் கட்டமைப்புக்குள்ளேயே இருக்கிறது. 30 கிரெடிட் கொண்ட பட்டமேற்படிப்பு டிப்ளோமா, முதுநிலைப் பட்டம் இருக்கும் அதே ஏழாம் நிலையில் அங்கீகரிக்கப்பட்ட தகுதி. வேறு துறையாருக்கான முன்தேவைப் பாடங்களைக் கிரெடிட் இல்லாத சுமையாக வைக்காமல், இப்படியொரு டிப்ளோமாவாக வடிவமைக்கவேண்டும். நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, தனிநிலைக் கணிதம், தரவுத்தளம் ஆகியவற்றை ஒன்றரை ஆண்டு பகுதிநேரத்தில் நிதானமாகப் படிக்கலாம். பணமோ குடும்பமோ இடையில் நிறுத்தினாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். இப்போதைய முறையில் முன்தேவைப் பாடங்களோடு நின்றுவிடுபவருக்குக் கட்டிய பணத்துக்கு ஒரு தாள்கூடப் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

இதை நடத்த இடமில்லை என்று பேராக்கில் யாரும் சொல்ல முடியாது. தஞ்சோங் மாலிமில், 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஸ்ரீ இஸ்கண்டாரில் 1997 முதல் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், கம்பாரில் 2007 முதல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகமும் இயங்குகின்றன. மூன்றிலும் கணினித்துறை உண்டு. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் மையங்கள் ஈப்போவிலேயே உள்ளன. வேலைக்குக் கோலாலம்பூருக்குத்தான் போகவேண்டும் என்பதும் முழு உண்மையில்லை: யூனிசெம், கார்செம் போன்ற சில்லுத் தொழிற்சாலைகள் ஈப்போவில் பல்லாண்டுகளாக இயங்கிவருகின்றன, சோதனைத் தரவுகளைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே தேவைப்படுகிறார்.

கடைசியாக, பழைய படிப்பை என்ன செய்வது என்ற கேள்வி. வேறு துறைப் பட்டதாரியைக் குறையுள்ள கணினி மாணவராக மட்டும் பார்க்கும் பாடத்திட்டம் ஒரு பெரிய செல்வத்தை வீணாக்குகிறது. தமிழ்க் கணிமையின் வரலாறே இதற்குச் சான்று. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர், தமிழ் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த விரிவுரையாளர். 1990-களில் தமிழை இணையத்தில் ஏற்றியவர்களில் அவர் முன்னோடி; முதல் தமிழ் இணைய மாநாடு 1997-இல் சிங்கப்பூரில் கூடியதில் அவர் பங்கு பெரியது. மயிலை என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கி, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தை 1998-இல் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். எந்தச் சிக்கல் தீர்க்கத் தகுந்தது என்பதைக் கணினி அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் வாழ்ந்த மொழியும் செய்த வேலையும் சொல்லின.

பேராக்கில் அப்படிப்பட்ட சிக்கல்கள் குவிந்துகிடக்கின்றன. மலாய்ச் சொற்கள் கலந்த பேராக் தமிழ்ப் பேச்சை, தமிழ்நாட்டுக் குரல்களைக் கேட்டுப் பழகிய பேச்சறி மென்பொருள் பல இடங்களில் தவறாகவே எழுதும். அந்தப் பேச்சைத் தரவாகத் திரட்டிக் குறியிடுவதற்குத் தமிழியல் பட்டதாரியைவிடப் பொருத்தமானவர் யார்? மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் பழைய பதிவேடுகளை எழுத்துணரியால் படிக்கவைப்பது வரலாறு படித்தவருக்கான ஆய்வுத் தலைப்பு. தமிழ்ப்பள்ளிச் சிறுவர்கள் வாசிப்பில் எந்த இடத்தில் தடுக்குகிறார்கள் என்று தரவு கொண்டு காட்டும் வேலையை, பத்தாண்டு வகுப்பில் நின்றவர் எடுத்துக்கொள்ளலாம். முதுநிலை இறுதித் திட்டப்பணி வருபவரின் முதல் துறையிலிருந்தே எழவேண்டும் என்று விதியாகவே வைக்கலாம் என்பது என் கருத்து.

அனுபவத்தை அறிவாக ஏற்கும் வழிமுறையும் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. முன்னனுபவக் கற்றலை அங்கீகரிக்கும் ஏபெல் முறையில், பட்டம் இல்லாமலே, 30 வயது நிறைந்த டிப்ளோமாக்காரர் தம் பணியனுபவத்தை மதிப்பிடச் செய்து முதுநிலையில் சேர முடியும். அனுபவத்துக்காக 30 விழுக்காடு வரை கிரெடிட்டும் பெறலாம். உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் படித்துத் தொழிற்சாலையில் பத்தாண்டு வேலை செய்தவருக்குத் திறந்திருக்கும் கதவு இது. தொழிற்கூடத்து அறிவை மதிக்கத் தெரிந்த கட்டமைப்பு, இன்னொரு துறையின் பட்ட அறிவை மதிக்க மறுப்பதில் நியாயமில்லை.

மேலே சொன்ன மூன்று பேராக் பல்கலைக்கழகங்களில் ஒன்றேனும் இத்தகைய பகுதிநேர டிப்ளோமாவைத் தொடங்கவேண்டும். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தங்கள் கல்வி நிதியில் ஒரு பங்கை முதல் பட்டத்தோடு நிறுத்தாமல் இதற்கும் ஒதுக்கவேண்டும். அதுவரை, விண்ணப்பிக்கவிருக்கும் பட்டதாரிக்கு ஒரு வேண்டுகோள்: பணம் கட்டுவதற்கு முன்னால் முன்தேவைப் பாடங்கள் எவை, அவற்றுக்கு எத்தனை வாரம், அவை கிரெடிட்டில் சேருமா, கணிதம் யார் கற்பிக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் தராத இடத்தில் சேராதீர்கள்.