கலப்பலகுக் கணக்கும் இடமதிப்பும்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து

அடியும் அங்குலமும் கலந்து வரும் கணக்குக்கு இன்றைய நடுநிலைப் பள்ளியில் இடம் உண்டா? 1956ஆம் ஆண்டின் எடையளவுத் தரச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழிவகுத்தது; 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அம்முறையையே நிலைநிறுத்துகிறது. எனவே, ஆறாம் வகுப்பு அளவைகள் பாடம் மில்லிமீட்டர் முதல் கிலோமீட்டர் வரை பத்தின் அடுக்குகளிலேயே நடப்பது முறைதான். ஆனால் மணி–நிமிடக் கணக்கைத் தவிர வேறெங்கும் பத்தை விட்டு விலகாத மாணவர், இனமாற்றம் ஏன் நிகழ்கிறது என்பதை அறியாமலே தேறிவிட முடிகிறது. கலப்பலகுக் கணக்கைப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்பதற்குப் பழைமைப் பற்று காரணமன்று. இந்தக் குறையே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. வட்டாரத்தில் வழங்கும் அளவுகள்

திருவள்ளூர் மாவட்டத்தில் வீட்டுமனை விலை கிரவுண்டுக் கணக்கில் பேசப்படுகிறது; ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. வயல் என்றால் ஏக்கரும் சென்ட்டும். அதே வயலின் பட்டாவில் இருப்பதோ ஹெக்டேரும் ஏரும். இவற்றுக்கு முன்னர் செங்கல்பட்டுச் சீமையில் வழங்கிய காணி 24 மனை, அதாவது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். நகைக்கடையில் 8 கிராம் ஒரு சவரன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்து உருட்டாலைகளில் முறுக்குக் கம்பியின் விட்டம் மில்லிமீட்டரிலும் நீளம் 12 மீட்டராகவும் எடை டன்னிலும் சொல்லப்படும். அதே கம்பி கட்டட வேலைக்கு வந்ததும் நாற்பதடிக் கம்பி ஆகிவிடுகிறது. வெல்டிங் பட்டறையில் டேப்பைப் பிடிப்பவர் அடி, அங்குலம், நூல் என்று அளவு சொல்கிறார். 8 நூல் ஓர் அங்குலம். வடமாநிலத் தொழிலாளி அந்த எட்டில் ஒரு பங்கையே ஸூத் என்கிறார். பெற்றோர் இவ்வேலைகளில் இருக்கும் குழந்தைக்கு 8, 12, 100, 2,400 ஆகிய அனைத்தும் பழகிய எண்களே.

2. புள்ளி விளைவிக்கும் பிழை

2 ஏக்கர் 75 சென்ட்டை 2.75 ஏக்கர் என்று எழுதலாம். 100 சென்ட் ஓர் ஏக்கர் என்பதால் அது சரியாக அமைகிறது. அந்தப் பழக்கத்தில் 10 அடி 9 அங்குலத்தை 10.9 என்று கால்குலேட்டரில் தட்டினால் சிக்கல் தொடங்குகிறது. 10.9 அடி என்பது 10 அடி 10.8 அங்குலம். அடுத்து 10 அடி 11 அங்குலத்தை 10.11 என எழுதினால், நீளமான துண்டு குட்டையானதாகத் தோன்றும். 10 அடி 10 அங்குலம் 10.10 ஆகும்போது, 10 அடி 1 அங்குலத்துக்கும் அதற்கும் வேறுபாடே இராது. 9 அங்குலம் காணாமல் போகும். இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. புள்ளிக்கு வலப்புறம் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று போகும் ஒழுங்கு மாணவருக்கு வெறும் எழுத்து வழக்காகவே நின்றுவிட்டது என்பதற்கான அடையாளம் இது.

3. இரண்டு கணக்குகள்

2 அடி 3 அங்குலம் 5 நூல் நீளத்தில் ஆறு துண்டுகள் வேண்டும். நூல் 30, அதில் 3 அங்குலம் போக 6 நூல் மீதி. அங்குலம் 18, வந்தது 3, ஆக 21. அதில் ஓர் அடி போக 9 மீதி. அடி 12, வந்தது 1, ஆக 13. விடை 13 அடி 9 அங்குலம் 6 நூல். எல்லாவற்றையும் முதலிலேயே நூலாக்கி 221ஐ 6ஆல் பெருக்கினாலும் இதே விடைதான். ஆனால் இனமாற்றம் ஒவ்வோர் அலகிலும் நிகழ்வதைக் காட்டுவது முதல் வழியே. எட்டுக்கு ஒருமுறை, பன்னிரண்டுக்கு ஒருமுறை மேலே ஏற்றிப் பழகியவருக்குப் பத்துக்கு ஒருமுறை ஏற்றுவது ஒரு தேர்வு என்பது விளங்கும்.

பரப்பில் வேறொரு பாடம் கிடைக்கிறது. 12 அடி 6 அங்குலத்துக்கு 10 அடி 6 அங்குல அறை. அடியை அடியோடும் அங்குலத்தை அங்குலத்தோடும் பெருக்கினால் 120 சதுர அடி 36 சதுர அங்குலம் வரும். சரியான விடை 131 சதுர அடி 36 சதுர அங்குலம். விடுபட்ட 11 சதுர அடி, அறையின் இரு ஓரங்களிலும் அரையடி அகலத்தில் கிடக்கும் இரண்டு பட்டைகள்: ஒன்று 6, மற்றொன்று 5. ஈருறுப்புக் கோவைகளைப் பெருக்கும்போது மாணவர்கள் விட்டுவிடும் குறுக்குப் பெருக்கல்களும் இவையே.

4. மறுப்பும் பரிந்துரையும்

1585இல் சைமன் ஸ்டீவின் தசம பின்னத்தை முன்வைத்ததே நில அளப்போர் முதலானோரை இத்தகைய சுமையிலிருந்து விடுவிக்கத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலத்துக்கும் பொன்னுக்கும் நெல்லுக்கும் தனித்தனியே கணக்கு வகுத்ததையும், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்ததையும் இன்று திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. வாய்பாட்டுச் சுமை வேண்டாம். எத்தனை சேர்ந்தால் அடுத்த அலகு என்ற கேள்வி போதும். ஆறாம் வகுப்பில் மெட்ரிக் பாடம் முடிந்ததும் அடி–அங்குலம்–நூல், சவரன்–கிராம் ஆகியவற்றில் சில கணக்குகளும், எட்டாம் வகுப்பில் இயற்கணிதக் கோவைகளுக்கு முன்னர் அறைப்பரப்புக் கணக்கும் வைக்கலாம். சட்டம் ஏற்ற அலகு மெட்ரிக்காகவே இருக்கட்டும். அதன் எளிமை எங்கிருந்து வருகிறது என்பதை மாணவர் அறிய, எளிமையற்ற அலகுகளிலும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.