முட்டைக்கோசுப் பயிர்ப் பாதுகாப்பு

முட்டைக்கோசு கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த குளிர்நிலக் காய்கறி. காலிஃபிளவர், புரோக்கோலி, நூக்கல் ஆகியவையும் இதே தாவர இனமான பிராசிகா ஒலரேசியாவிலிருந்து மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த வடிவங்களே. இந்த இனப் பயிர்களுக்கு உலகெங்கும் பெருஞ்சேதம் விளைவிப்பது வைரமுதுகு அந்துப்பூச்சி. அதை அடக்க மனிதன் மேற்கொண்ட முயற்சிகள், பூச்சிக்கொல்லியை மட்டும் நம்பும் வேளாண்மை எங்கே தடுமாறும் என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

பயிரின் வரலாறு

முட்டைக்கோசின் மூதாதை ஐரோப்பியக் கடற்கரைப் பகுதிகளில் வளரும், தலை கட்டாத இலைச்செடி. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் கேட்டோ தமது வேளாண் நூலில் இதன் மருத்துவப் பயன்களை நீளமாகப் புகழ்ந்துள்ளார். இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி உருண்டையாகும் வகை, இடைக்காலத்தில் வட ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளில் பரவியது. 1541இல் பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியே இதைக் கனடாவுக்குக் கொண்டு சென்றார். 1768இல் புறப்பட்ட தமது கடற்பயணத்தில், ஸ்கர்வி நோயைத் தடுக்க, கேப்டன் குக் புளிக்கவைத்த முட்டைக்கோசைக் கப்பலில் ஏற்றிச் சென்றார்.

தமிழகத்தில் இப்பயிர் ஊன்றிய இடம் நீலகிரி. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், 1820களில் உதகைப் பகுதியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். இலங்கையின் நுவரெலியாவில் 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் தொடங்கிய பண்ணை அத்தகைய காய்கறிச் சாகுபடிக்கு முன்னோடி. 'இங்கிலீஷ் காய்கறி' என்று அழைக்கப்பட்ட இவை மெல்ல மெல்ல மலை உழவர்களின் வாழ்வாதாரமாயின. இன்று நீலகிரியின் முட்டைக்கோசு மேட்டுப்பாளையம் சந்தை வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது.

செடியின் தற்காப்பும் பூச்சியின் பதிலும்

முட்டைக்கோசுக்குத் தனக்கென ஒரு பாதுகாப்பு உண்டு. இலைத் திசுக்களில் குளுக்கோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மங்களும், அவற்றைச் சிதைக்கும் மைரோசினேஸ் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. புழு இலையைக் கடித்ததும் இரண்டும் கலந்து, கடுகின் காரத்துக்குக் காரணமான நச்சுப்பொருள்கள் உருவாகின்றன. பெரும்பாலான பூச்சிகள் இதனால் விலகிவிடும்.

வைரமுதுகு அந்துப்பூச்சி விலகுவதில்லை. அதன் புழுவின் குடலில் உள்ள ஒரு சிறப்பு நொதி, குளுக்கோசினோலேட்டிலிருந்து சல்பேட் பகுதியை நீக்கி, நச்சு உருவாகும் முன்பே அதைத் தடுத்துவிடுகிறது. 2002இல் வெளியான ஆய்வு இதை விளக்கியது. மற்ற பூச்சிகளை விரட்டும் அதே மணமே இதன் தாய்ப்பூச்சிக்கு முட்டையிடும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட இப்பூச்சி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளமுடையது. இறக்கையை மூடி அமரும்போது முதுகில் வைர வடிவங்கள் தெரிவதால் இப்பெயர் பெற்றது. இளம்புழு இலைத் திசுவுக்குள் துளைத்துச் சென்று தின்னும். வளர்ந்த புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டும். மேல்தோல் மட்டும் எஞ்சுவதால் இலையில் கண்ணாடி போன்ற புள்ளிகள் தோன்றும். வெப்பமான சூழலில் முட்டை முதல் அந்துப்பூச்சி வரையிலான சுழற்சி இரண்டு மூன்று வாரங்களிலேயே முடிவதால், ஓராண்டில் பல தலைமுறைகள் பெருகுகின்றன. இந்தியாவில் இது 1914இல் பதிவானது. அவ்வாண்டில்தான் பூச்சியியல் அறிஞர் பெயின்பிரிக் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலும் சென்னையில் வெளிவந்தது.

மருந்தும் எதிர்ப்புத்திறனும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் டி.டி.டி. வேளாண்மைக்குள் நுழைந்தபோது, பூச்சிச் சிக்கல் தீர்ந்துவிட்டதாகவே பலர் நம்பினர். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் உள்ள லெம்பாங் பகுதி முட்டைக்கோசுத் தோட்டங்களில், 1950களின் தொடக்கத்திலேயே அம்மருந்துக்கு வைரமுதுகுப் பூச்சி மசியாமல் போனது. பயிர்ப்பூச்சிகளில் டி.டி.டி.யை எதிர்த்துத் தாங்கிய முதல் பூச்சியாக இது குறிப்பிடப்படுகிறது. 1960களில் பஞ்சாபின் லூதியானாவிலும் இத்தகைய எதிர்ப்புத்திறன் கண்டறியப்பட்டது.

காரணம் எளிது. மருந்துக்குத் தப்பிய சில பூச்சிகளின் சந்ததியே அடுத்த தலைமுறையில் பெருகுகிறது. தலைமுறைகள் விரைந்து வருவதால் அத்திறனும் விரைந்து பரவுகிறது. அதே தெளிப்பு, புழுவைத் தின்று கட்டுப்படுத்திவந்த குளவிகளையும் சிலந்திகளையும் கொன்றுவிடுகிறது. உழவர் மருந்தின் அளவைக் கூட்டுகிறார், இடைவெளியைக் குறைக்கிறார், கலந்து அடிக்கிறார். செலவும் காயில் தங்கும் நஞ்சும் ஏறுகின்றன, பூச்சி குறைவதில்லை.

இயற்கையான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பி.டி.) பாக்டீரியத் தெளிப்பும் இதற்கு விலக்காகவில்லை. திறந்தவெளித் தோட்டங்களில் இப்பூச்சி அதற்கும் எதிர்ப்புத்திறன் பெற்றதை, ஹவாய்த் தீவுகளில் நடந்து 1990இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. இதுவரை 90க்கும் மேற்பட்ட பூச்சிக்கொல்லி மூலப்பொருள்களுக்கு எதிராக இதன் எதிர்ப்புத்திறன் பதிவாகியுள்ளது. 2012இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலக அளவில் இதனால் ஏற்படும் இழப்பும் கட்டுப்பாட்டுச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 400 முதல் 500 கோடி அமெரிக்க டாலர்.

குளவிகளின் வருகை

மருந்து தோற்ற நிலங்களில் ஒட்டுண்ணிக் குளவிகள் வென்றன. டயடெக்மா செமிகிளாசம் என்னும் சிறு குளவி, புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்த குளவிப்புழு உள்ளிருந்தே அதைத் தின்று முடிக்கும். இக்குளவி 1930களில் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்கும், அங்கிருந்து 1950 வாக்கில் இந்தோனேசியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. 1970களில் மலேசியாவின் கேமரன் மலையிலும் விடப்பட்டது. 1971இல் தைவானில் நிறுவப்பட்ட ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையம் 1985இல் இப்பூச்சிக்கென்றே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கை நடத்தி, குளவிகளைப் பல நாட்டு மலைப்பகுதிகளுக்கும் பரப்ப வழிசெய்தது.

டயடெக்மா குளிர்ந்த மலைகளில் மட்டுமே நன்றாகப் பெருகும். வெப்பமான சமவெளிக்குக் கொட்டீசியா என்னும் வேறொரு குளவி பொருந்தும். எங்கும் ஒரு நிபந்தனை உண்டு: பல பூச்சிகளையும் கொல்லும் கடும் மருந்துகளை நிறுத்தினால்தான் குளவிகள் நிலைக்கும். தெளிப்பு தொடர்ந்த தோட்டங்களில் அவற்றால் வேரூன்ற முடியவில்லை.

கவர்ச்சிப் பயிரும் நீரும்

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், 1980களின் பிற்பகுதியில் கடுகைக் கவர்ச்சிப் பயிராக்கும் முறையை வகுத்தது. 25 வரிசை முட்டைக்கோசுக்கு 2 வரிசை கடுகு. நாற்று நடுவதற்கு 15 நாள் முன்பாக ஒரு வரிசையும், நட்ட 25ஆம் நாள் வாக்கில் மற்றொன்றும் விதைக்கப்படும். தாய்ப்பூச்சிகள் கடுகை நாடி முட்டையிடுவதால், அங்கு மட்டும் மருந்து தெளித்தால் போதும். அசுவினியும் கடுகையே முதலில் மொய்க்கும்.

நீரும் உதவும். பலத்த மழை புழுக்களைக் கழுவித் தள்ளுவதால், கோடையிலும் வறண்ட மாதங்களிலும்தான் இப்பூச்சி மிகும். மாலை நேரத்தில் தெளிப்புநீர்ப் பாசனம் செய்தால் அந்துப்பூச்சிகளின் இணைசேர்க்கையும் முட்டையிடுதலும் தடைபடும். 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு, புழு தின்பதையும் வளர்வதையும் தடுத்து, குளவிகளுக்குக் குறைந்த கேடே செய்கிறது.

பிற பகைகள்

வெண்ணிற முட்டைக்கோசு வண்ணத்துப்பூச்சி 1860 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து கனடாவின் கியூபெக் பகுதிக்குத் தவறுதலாக நுழைந்து, வட அமெரிக்கத் தோட்டங்களை அழித்தது. அதைக் கட்டுப்படுத்த 1880களில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வரவழைத்த குளவி, கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுவரப்பட்ட தொடக்கக்கால ஒட்டுண்ணிகளில் ஒன்று. வேரில் கட்டிகள் உண்டாக்கும் வேர்வீக்க நோயின் காரணியை, ரஷ்ய அறிவியலாளர் மிகைல் வோரோனின் 1878இல் விவரித்தார். அமில மண்ணில் மிகும் இந்நோய்க்குச் சுண்ணாம்பிட்டு மண்ணைத் திருத்துவதும், பல ஆண்டுகள் கடுகுக் குடும்பப் பயிர்களைத் தவிர்ப்பதும் தீர்வு.

இன்றைய நடைமுறை

இன்றைய பரிந்துரைகள் இந்த நூற்றாண்டு அனுபவத்தின் திரட்டு. நாற்றங்காலை வலையால் மூடிப் புழுவற்ற நாற்றை நடுதல், அறுவடைக்குப் பின் பழைய தண்டுகளை உடனே அகற்றுதல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்து வாரந்தோறும் கண்காணித்தல், கடுகு வரிசை, வேம்பு, பி.டி., குளவிகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்துதல் ஆகியவை முதலில் வருகின்றன. இரசாயனம் தேவைப்படும்போது, செயல்படும் விதம் வேறான மருந்துகளை மாற்றி மாற்றித் தெளித்து, அறுவடைக்கு முந்தைய காத்திருப்புக் காலத்தைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். இலையாக உண்ணப்படும் காய் என்பதால் அந்தக் காத்திருப்பே உண்பவருக்கான காப்பு. ஒரே பள்ளத்தாக்கின் உழவர்கள் கூடி ஒரே காலத்தில் நிலத்தைத் தரிசாக விடும்போது பூச்சியின் தொடர் அறுகிறது. தனி ஒரு தோட்டத்தால் இதைச் செய்ய இயலாது; இது ஊர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.