பணம் கட்டியாச்சு... குற்றம்?

‘தன் மீதான வழக்கை ரத்து செய்யக் கோரி ஹைகோர்ட்டில் மனு!’

பேப்பரில் இந்தச் செய்தியை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பீர்கள். மனு போட்டவர் ஒரு கம்பெனி முதலாளியாக இருப்பார். பாங்கில் கடன் வாங்கியதில் மோசடி என்று சி.பி.ஐ. அவர் மீது வழக்குப் போட்டிருக்கும். ‘கடனைத்தான் கட்டியாச்சே, அப்புறம் எதற்கு வழக்கு?’ என்பது அவருடைய கேள்வி.

கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு கேள்விக்கு நம் நீதிமன்றங்கள் முப்பது வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒரு சமயம் ‘சரிதான்’ என்கிறார்கள். இன்னொரு சமயம் ‘அதெப்படி?’ என்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விடுதலை வேறு, ரத்து வேறு. சாட்சிகள் வந்து, குறுக்கு விசாரணை நடந்து, ‘குற்றம் நிரூபணமாகவில்லை’ என்று நீதிபதி சொன்னால் அது விடுதலை. ரத்து என்றால், விசாரணையே வேண்டாம், கட்டை மூட்டை கட்டி பரணில் போடு என்று அர்த்தம்!

இப்படியொரு பிரம்மாஸ்திரம் ஹைகோர்ட் கைக்கு எப்படி வந்தது?

1898-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில், 1923-ல் 561-ஏ என்று ஒரு பிரிவைச் சொருகினார்கள். மிகச் சின்ன பிரிவு. சட்டத்தின் நடைமுறையை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் அதைத் தடுக்கவும், நீதி கிடைக்கச் செய்யவும் ஹைகோர்ட்டுக்கு இயல்பாகவே உள்ள அதிகாரத்தை இந்தச் சட்டம் பறிக்காது... அவ்வளவுதான் அதன் சாரம். 1973-ல் வந்த புதுச் சட்டத்தில் இதுவே 482-வது பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 528. நம்பர் மாறியதே தவிர, சரக்கு அதேதான்.

யாருக்காக இந்த அதிகாரம்? சந்தேகமே வேண்டாம், அப்பாவிகளுக்காக. வரப்புத் தகராறில் பொய்க் கேஸ் போடுவது நம் ஊரில் புதுசா என்ன? ஒருத்தன் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில் விடுதலையாகி வெளியே வரும்போது பாதி ஆயுசு போயிருக்கும். அப்படிப்பட்டவனை வாசலிலேயே காப்பாற்றத்தான் இந்தப் பிரிவு.

அதைக்கூட சும்மா அள்ளி விட்டுவிடவில்லை. லாகூர் ஹைகோர்ட் ஒரு வழக்கில் போலீஸ் விசாரணையையே ரத்து செய்தபோது, லண்டன் பிரிவி கவுன்சில் 1944-ல் அதைத் தள்ளிவிட்டது. போலீஸ் வேலையை போலீஸ் பார்க்கட்டும், கோர்ட் வேலையை கோர்ட் பார்க்கட்டும் என்பது அதன் கருத்து. சுதந்திரத்துக்குப் பிறகு, 1960-ல், ஆர்.பி. கபூர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் எந்தெந்தச் சூழ்நிலையில் ரத்து செய்யலாம் என்று வகை பிரித்துச் சொன்னது. வகை சொன்னார்களே தவிர, கபூருக்கு ரத்து கிடைக்கவில்லை!

ஹரியானா முதல்வராக இருந்த பஜன்லால் வழக்கில் 1990-ல் அந்தப் பட்டியல் ஏழாக விரிந்தது. எழுதியவர் நம்மூர்க்காரர், நீதிபதி ரத்தினவேல் பாண்டியன். புகாரில் சொன்னதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றமே இல்லை என்றால் ரத்து செய்யலாம். பழிவாங்கும் நோக்கத்தோடு போட்ட கேஸ் என்றால் ரத்து செய்யலாம். இப்படி ஏழு. ஆனால் அபூர்வத்திலும் அபூர்வமாகத்தான் இதைச் செய்யவேண்டும் என்று எச்சரிக்கையும் சேர்த்தே எழுதினார். இன்றைக்கும் ரத்து மனு தயாரிக்கும் வக்கீல்கள் பஜன்லாலைக் கும்பிடாமல் ஆரம்பிப்பதில்லை.

கவனித்தீர்களா? அந்த ஏழில் எங்கேயும் ‘பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டால்’ என்ற வரி கிடையாது. அப்புறம் அது எப்படி உள்ளே வந்தது?

கல்கத்தா வழியாக வந்தது.

டங்கன்ஸ் ஆக்ரோ இண்டஸ்ட்ரீஸ். புகையிலை வியாபாரத்தில் இருந்த பெரிய கம்பெனி. சரக்கைக் காட்டி பாங்குகளில் கடன் வாங்கியிருந்தது. இந்த வகைக் கடன் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால்தான் மோசடி எங்கே புகுகிறது என்பது புரியும். நகைக் கடனில் நகை பாங்கின் லாக்கருக்குப் போய்விடும். சரக்குக் கடனில் அப்படி இல்லை. சரக்கு கம்பெனியின் கோடவுனிலேயே இருக்கும். ‘இத்தனை மூட்டை கையில் இருக்கிறது’ என்று அவ்வப்போது ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தால், அந்த மதிப்புக்கு ஏற்றபடி பணம் எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் நம்பிக்கைதான். நூறு மூட்டை இருக்கும் இடத்தில் முந்நூறு என்று எழுதினால்? எழுதுகிறவனுக்கும் தெரியும், சில சமயம் வாங்கிக்கொள்கிற மேனேஜருக்கும் தெரியும்!

டங்கன்ஸ் மீது பாங்குகள் புகார் கொடுத்தது 1987-ல். சி.பி.ஐ. விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதற்குள் பாங்குகள் பணத்துக்காக சிவில் வழக்குப் போட்டு, கம்பெனி பணம் கட்டி, ராஜியும் ஆகிவிட்டது. கல்கத்தா ஹைகோர்ட் கிரிமினல் வழக்கை ரத்து செய்தது. சி.பி.ஐ. டெல்லிக்கு ஓடியது. 1996 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், ‘சிவில் வழக்கில் சமரசமானது ஏமாற்றுக் குற்றத்தையே சமரசம் செய்துகொண்டதற்குச் சமம். ஒன்பது வருஷம் வேறு போய்விட்டது. ரத்து சரிதான்’ என்று முடித்துவிட்டது.

கோடு போட்டால் ரோடே போட்டுவிடுவார்களே நம் வக்கீல்கள். விட்டார்களா என்ன?

இதற்கிடையே வேறு ஒரு பக்கத்திலிருந்தும் பாதை திறந்தது. 2003-ல் பி.எஸ். ஜோஷி வழக்கு. புருஷன் பெண்டாட்டி தகராறு, வரதட்சணைப் புகார். இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். ஆனால் அந்தக் குற்றம் சமரசத்துக்கு உட்பட்டது இல்லை என்கிறது சட்டம். ‘தகராறு தீரும்போது சட்டம் குறுக்கே நிற்கலாமா?’ என்று சுப்ரீம் கோர்ட் வழக்கை ரத்து செய்தது. மனிதாபிமானமான தீர்ப்பு. குறை சொல்ல முடியாது.

ஆனால் 2008 ஆகஸ்டில் அதே சாவியைக் கொண்டு பாங்கின் கதவைத் திறந்தார்கள்! மும்பைக் கம்பெனி ஒன்று ஆந்திரா பாங்கில் கடன் வாங்கிய விவகாரம். ஏமாற்று மட்டுமல்ல, போலி ஆவணம், பாங்க் அதிகாரிகளுடன் கூட்டுச்சதி என்றெல்லாம் குற்றச்சாட்டு. பாங்குக்கும் கம்பெனிக்கும் ராஜியானது. ஒருவர் மேல் ஒருவர் சொன்ன புகார்களை வாபஸ் வாங்கிக்கொள்வதாக எழுதிக்கொண்டார்கள். போலி ஆவணக் குற்றத்தில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ‘தொழில்நுட்பக் காரணம் தடையாக இருக்கக்கூடாது’ என்று சொல்லி சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. நிகில் மர்ச்சன்ட் வழக்கு என்று இதற்குப் பெயர்.

புருஷன் பெண்டாட்டி வழக்கில் பாதிக்கப்பட்டவர் எதிரே நிற்கிறார். அவரே மன்னித்துவிட்டார். பாங்க் வழக்கில் மன்னிப்பது யார்? பாங்கின் மேனேஜரா? பணம் அவருடையதா?

இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது நம் சென்னை வழக்கு ஒன்றில்தான்.

இந்தியன் பாங்கின் பிறப்பே ஒரு மோசடியின் சாம்பலிலிருந்துதான். 1906-ல் மதராஸின் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாத சிறைத் தண்டனை. ‘இனி நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்வோம்’ என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் 1907-ல் தொடங்கிய பாங்க் இது. அந்த பாங்க் 1995-96-ல் காட்டிய நஷ்டம் 1,336 கோடி ரூபாய்! கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த கடன்கள். சேர்மன் வரைக்கும் சி.பி.ஐ. வழக்குகள்.

அதில் ஒரு வழக்கில், கடன் வாங்கிய கம்பெனியின் டைரக்டர்கள் பாங்கோடு செட்டில்மென்ட் செய்துகொண்டு, ரத்து கேட்டு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். கீழ்க்கோர்ட்டில் அப்போது ஏராளமான சாட்சிகளின் விசாரணை முடிந்திருந்தது. வெண்ணெய் திரளும் நேரம். தாழி உடைந்தது. ஹைகோர்ட் வழக்கை ரத்து செய்தது.

2009 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்த ரத்தை ரத்து செய்தது. விசாரணை இவ்வளவு தூரம் வந்த பிறகு இப்படிச் செய்திருக்கக்கூடாது, இந்த அதிகாரத்தை மிக அரிதாகத்தான் பயன்படுத்தவேண்டும் என்றது. நிகில் மர்ச்சன்ட் தீர்ப்புக்கும் இதற்கும் ஒன்பது மாத இடைவெளிதான்!

அதைவிட ஆச்சரியம் 2010-ல் நடந்தது. நிகில் மர்ச்சன்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்ன இரண்டு நீதிபதிகளில் ஒருவர் மார்க்கண்டேய கட்ஜு. அவர் இருந்த பெஞ்சுக்கு கியான் சிங் என்பவரின் வழக்கு வந்தது. நேராகச் செய்ய முடியாததைச் சுற்றுவழியில் செய்யலாமா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. முந்தைய தீர்ப்பில் தானும் இருந்ததைச் சொல்லி, நீதிபதி தன் தவறைத் திருத்திக்கொள்ளத் தயாராக இருக்கவேண்டும் என்று எழுதி, பெரிய பெஞ்சுக்கு அனுப்பினார். பதவியில் இருப்பவர்கள் இப்படி எழுதுவது சாதாரணமா?

2012 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்றவற்றிலும், அரசு ஊழியர்கள் செய்யும் ஊழலிலும் சமரசம் எடுபடாது. ஆனால் அடிப்படையில் கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் ரத்து செய்யலாம். சரி, பாங்க் மோசடி இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம்?

அதில்தான் மறுபடி குழப்பம். 2014-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் பாங்க் ஆஃப் மகாராஷ்டிரா சம்பந்தப்பட்ட வழக்கில் ரத்து சரி என்றது சுப்ரீம் கோர்ட். ஏப்ரலில் இன்னொரு வழக்கில், ஊழல் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருப்பதால் முடியாது என்றது. செப்டம்பரில் ஒரு லெட்டர் ஆஃப் கிரெடிட் வழக்கில் குரலே கடுமையாகிவிட்டது. பாங்க் ‘பாக்கி இல்லை’ என்று சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டால் போதுமா, இது சமூகத்துக்கே இழைத்த தீங்கு அல்லவா என்று கேட்டது. 2017-ல் பர்பத்பாய் வழக்கில், நாட்டின் பொருளாதாரத்தைப் பாதிக்கும் குற்றங்களை இரண்டு தனிநபர்களின் தகராறு போலப் பார்க்க முடியாது என்று வரையறுத்தது.

சரி, விவகாரம் முடிந்தது என்று நினைத்தால்... 2025 நவம்பர் வந்தது. குஜராத்தின் ஸ்டெர்லிங் பயோடெக். 5,000 கோடி ரூபாய்க்கு மேல் மோசடி என்று 2017-ல் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்த கம்பெனி. அதன் முதலாளிகள் வெளிநாட்டுக்குப் போய்விட, 2020-ல் அவர்களைத் தலைமறைவுப் பொருளாதாரக் குற்றவாளிகள் என்று கோர்ட் அறிவித்தது. டிசம்பர் 17-க்குள் 5,100 கோடி கட்டினால் அத்தனை வழக்குகளும் ரத்து என்றது சுப்ரீம் கோர்ட். கூடவே, இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்ற குறிப்பும்!

இதில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடன் வாங்கி நேர்மையாக மில் நடத்தி நொடித்துப்போனவன் குற்றவாளி அல்ல. கடனைக் கட்டாதது மட்டுமே மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. சில பாங்குகள் கிரிமினல் புகாரை வசூல் ஏஜென்ட் மாதிரி பயன்படுத்துவதும் உண்டு. அப்படிச் சிக்கியவனுக்கு இந்த ரத்து மனுதான் மூச்சுக்காற்று. பத்து வருஷம் கழித்து யாருக்கோ மூன்று வருஷம் தண்டனை கிடைப்பதைவிட, இன்றைக்குப் பணம் பாங்குக்கு வருவது மேல் என்பதிலும் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் போலிப் பத்திரம் தயாரித்தவன் கதை வேறு. மாட்டாவிட்டால் லாபம். மாட்டினால் அசலைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இது தண்டனையா, வட்டியில்லாக் கடனா? கட்டுவதற்குப் பணம் இல்லாத சின்ன மனிதன் விசாரணைக்கு நடக்கிறான். ஊழல் தடுப்புச் சட்டத்தில் சிக்கிய பாங்க் கிளார்க்கும் நடக்கிறார். பெரிய தொகை வைத்திருப்பவருக்கு மட்டும் குறுக்குவழி என்றால், அப்பாவிக்காக 1923-ல் எழுதிய அந்தச் சின்ன பிரிவு யாருக்குப் பயன்படுகிறது?

அடுத்த முறை ‘வழக்கை ரத்து செய்யக் கோரி மனு’ என்று பேப்பரில் பார்த்தால், பக்கத்தைத் திருப்பாதீர்கள். மூன்றே கேள்விகள் கேட்டுப் பாருங்கள். பணத்தை எப்போது கட்டினார், போலீஸ் வருவதற்கு முன்பா, பின்பா? ஆவணங்கள் நிஜமா, போலியா? பாங்கின் உள்ளே இருந்து கை நீட்டியவர் யாராவது உண்டா?

பதில் தெரிந்தால் மனுவின் நியாயமும் தெரிந்துவிடும். அந்த பாங்கில் கிடப்பது உங்கள் டிபாசிட். சமரசக் கையெழுத்து போடும்போது உங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை.