மிதிவண்டி இருக்கை

மிதிவண்டி இருக்கை என்பது மிதிவண்டி ஓட்டுபவரின் உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்கும் உறுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது "சீட்டு" எனப்படுகிறது. மிதிவண்டியில் உடல் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள் மூன்று: கைப்பிடி, மிதிக்கட்டை (பெடல்), இருக்கை. உடலுக்குப் பொருந்தாத இருக்கை வலி, தோல் உரசல், மரத்துப்போதல் ஆகியவற்றை உண்டாக்கும். இருக்கை மென்மையாக இருப்பதைவிட அதன் அகலமும் வடிவமும் பொருந்துவதே முதன்மையானது.

வரலாறு

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1866 ஆம் ஆண்டு தோல் பொருள் தொழிலைத் தொடங்கிய ஜான் போல்ட்பி புரூக்ஸ், 1882 இல் மிதிவண்டி இருக்கை ஒன்றுக்குக் காப்புரிமம் பெற்றார். அவருடைய நிறுவனத்தின் புகழ்பெற்ற பி17 இருக்கை 1890களில் அறிமுகமானது. இவ்வகை இருக்கைகளில் தடித்த தோல் உலோகச் சட்டத்தின் மீது இழுத்துப் பொருத்தப்படுகிறது. தோல் நாளடைவில் ஓட்டுபவரின் உடலுக்கேற்ப வளைந்துகொடுக்கும். இன்றைய இருக்கைகள் பெரும்பாலும் நெகிழி ஓட்டின் மேல் நுரைப்பஞ்சு வைத்து உறையிடப்பட்டவை.

எடையைத் தாங்கும் எலும்புகள்

இடுப்பெலும்பின் அடியில் இரு புறமும் ஒவ்வொரு புடைப்பு உள்ளது. அமரும்போது உடல் எடையைத் தாங்க வேண்டியவை இவையே. இவற்றுக்கு இடையிலுள்ள மென்மையான பகுதி வழியாக நரம்புகளும் குருதிக்குழாய்களும் செல்கின்றன. இருக்கை மிகக் குறுகலாக இருந்தால் எலும்புகள் விளிம்புக்கு வெளியே சென்றுவிட, எடை இந்த மென்மையான பகுதியின் மீது இறங்குகிறது. மிகத் தடித்த பஞ்சிருக்கையிலும் இதுவே நிகழலாம். எலும்புகள் பஞ்சில் புதையும்போது நடுப்பகுதி மேலெழுந்து அழுத்துகிறது. கடையில் கையால் அழுத்தும்போது மென்மையாகத் தோன்றும் இருக்கை, நெடுந்தொலைவு ஓட்டும்போது வலிப்பதற்குக் காரணம் இதுவே.

அமெரிக்காவில் மிதிவண்டியில் சுற்றுக்காவல் செய்யும் 90 காவலர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2008 இல் வெளியானது. முன்முனை இல்லாத இருக்கைகளை ஆறு மாதம் பயன்படுத்தியபின், ஓட்டும்போது பிறப்புறுப்பு மரத்துப்போகவில்லை என்று கூறியவர்களின் அளவு 27 விழுக்காட்டிலிருந்து 82 விழுக்காடாக உயர்ந்தது.

அகலத்தை அளத்தல்

கடினமான முக்காலியின் மீது நெளிவுள்ள அட்டைப்பெட்டித் தாளை வைத்து, சற்று முன்னோக்கிச் சாய்ந்து ஒரு நிமிடம் அமர வேண்டும். எழுந்தபின் அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தொலைவுடன் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை கூட்டினால், முன்சாய்ந்து ஓட்டுபவருக்கு ஏற்ற அகலம் தோராயமாகக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, தொலைவு 120 மில்லிமீட்டர் எனில் 140 முதல் 150 மில்லிமீட்டர் அகலமுள்ள இருக்கை பொருந்தும். பெண்களுக்கு இத்தொலைவு சராசரியாகச் சற்றுக் கூடுதல். ஆயினும் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதியாதலால் அளந்து பார்ப்பதே சிறந்தது.

ஓட்டும் நிலையும் கருதத்தக்கது. நிமிர்ந்து ஓட்டுபவரின் எடை முழுவதும் பின்புறம் விழுவதால் அகன்ற இருக்கை தேவை. இந்தியாவில் பரவலாக உள்ள பழைய வகை மிதிவண்டிகளில் சுருள்வில் பொருத்திய அகன்ற இருக்கைகள் இருப்பது இதனாலேயே. பந்தய மிதிவண்டியில் முன்னோக்கிக் குனிவதால் குறுகிய இருக்கை போதும்.

பொருத்துதல்

சரியான இருக்கையும் தவறாகப் பொருத்தப்பட்டால் வலிக்கும். மிதிக்கட்டை மிகக் கீழே உள்ளபோது குதிகாலை அதன்மீது வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இது தொடக்க உயரம். இருக்கை கிடைமட்டமாக இருக்க வேண்டும். பின்னர், கீழ்க்காணும் அறிகுறிகளைக் கொண்டு சிறிது சிறிதாக மாற்றலாம்.

* முழங்காலின் முன்புறம் வலி: இருக்கை தாழ்வாக இருக்கலாம்.
* இடுப்பு இரு புறமும் அசைதல், முழங்காலின் பின்புறம் வலி: இருக்கை உயரமாக இருக்கலாம்.
* முன்னோக்கி வழுக்குதல், கைகளில் மிகுந்த எடை: முன்முனை தாழ்ந்திருக்கலாம்.
* மரத்துப்போதல்: முன்முனை உயர்ந்திருக்கலாம் அல்லது இருக்கை குறுகலாக இருக்கலாம்.
* உள்தொடை உரசுதல்: இருக்கை அளவுக்கு மீறி அகலமாக இருக்கலாம்.

புதிதாக ஓட்டத் தொடங்குபவருக்கு முதல் சில நாட்கள் எலும்புப் பகுதியில் ஏற்படும் இலேசான வலி இயல்பானது; பழகப் பழகக் குறையும். மரத்துப்போதல் அவ்வாறன்று. அது நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளமாதலால், உடனே எழுந்து நின்று அழுத்தத்தைக் குறைத்து, இருக்கையை மாற்றியமைக்க வேண்டும். அதன்பின்னும் நீடித்தால் மருத்துவரை அணுகுதல் தேவை.