நீள அங்கியின் கடந்த காலம்

திருகோணமலை லிங்கநகரிலிருந்து உள்துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு சீனக்குடாப் பக்கம் போனால், காட்டு மரங்களுக்கிடையே வரிசை வரிசையாக எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. பிரித்தானியக் கடற்படைக்கு எரிபொருள் சேர்த்துவைக்கக் கட்டப்பட்டவை அவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானியாவின் ஹேர்மஸ் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. குதங்களில் ஒன்று எரிந்து அழிந்தது. வெந்து மடிந்த அதன் இரும்புத் தகடுகள் பற்றைக்குள் துருவேறிக் கிடக்கின்றன. ஜப்பானிய விமானி தன் விமானத்தோடு வேண்டுமென்றே அதன்மேல் பாய்ந்தார் என்பது திருகோணமலையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. ஆனால் உயிரை விட்டுத் தாக்குவதற்கென்றே ஜப்பான் தனிப் பிரிவு அமைத்தது இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸ் கடற்பரப்பில்தான். சிறப்புத் தாக்குதல் என்று பொருள்படும் 'தொக்கோ' என்ற சொல் அந்தப் பிரிவுகளோடு ஒட்டிக்கொண்டது. போர் முடிந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அதே சொல் இன்னோரிடத்தில் ஏறி அமர்ந்தது. இரவில் மோட்டார் சைக்கிளில் ஊர்வலம் போன பதினாறு, பதினேழு வயதுப் பெடியள் போட்ட நீள அங்கிக்கு 'தொக்கோஃபுக்கு' என்று பெயர் வந்தது. 2021இல் அந்த அங்கி ஒரு அனிமே தொடரின் உடுப்பாக எங்கள் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்குள்ளும் வந்து சேர்ந்தது.

அந்தத் தொடர் 'டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்'. கென் வக்குயி 2017 முதல் 2022 வரை வாரப் பத்திரிகை ஒன்றில் வரைந்த மங்காவிலிருந்து லைடன் பிலிம்ஸ் நிறுவனம் எடுத்தது. இருபத்தாறு வயது டக்கெமிச்சி, வாழ்க்கையில் எதிலும் நிலைக்காதவன். பள்ளி நாளில் தான் விரும்பிய ஹினாதா, குண்டர் குழு ஒன்றின் செயலால் இறந்துவிட்டாள் என்று செய்தியில் அறிகிறான். எதிர்பாராமல் அவனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் போகும் ஆற்றல் கிடைக்கிறது. 2017இலிருந்து 2005க்குப் போய், பதினான்கு வயதுப் பையனாக அந்தக் குழுவுக்குள் நுழைந்து, அதன் போக்கைத் திருப்பப் பார்க்கிறான். இதைவிட நல்ல முடிச்சு கிடைப்பது அரிது. இளைஞர் குழு எப்படிப் பிறக்கிறது, எந்த வளைவில் விளையாட்டு கொலையாக மாறுகிறது என்று ஒரு முறையல்ல, பல முறை திரும்பிப் போய்ப் பார்க்க வாய்ப்புள்ள கதை இது. அவ்வளவு பயணம் செய்தும் இந்தத் தொடர் கடந்த காலத்தைப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் குறை. சண்டைக் காட்சிகள் பல இடங்களில் அசையாப் படங்களாக நிற்பதையும், ஒரே அழுகை திரும்பத் திரும்ப வருவதையும் பலர் சொல்லிவிட்டார்கள். அவை கைவேலையின் குறைகள். இது அடியிலேயே இருக்கும் குறை.

காலப் பயணக் கதை எதுவானாலும் அதற்குள் வரலாறு பற்றிய ஒரு கருத்து இருந்தே தீரும். எதை மாற்றினால் எது மாறும் என்று கதை காட்டும்போது, எதனால் எது நடந்தது என்றும் அது சொல்லிவிடுகிறது. இந்தத் தொடர் சொல்வது இதுதான்: குழு கெட்டது ஒருவனால். கிசாக்கி என்ற சூழ்ச்சிக்காரப் பையன், அவனுடைய ஒருதலைக் காதல், அவன் போட்ட திட்டம். டக்கெமிச்சி ஒரு சாவைத் தடுத்துவிட்டு நிகழ்காலத்துக்கு வருவான். அங்கே இன்னும் மோசமான உலகம் காத்திருக்கும். விசாரித்தால் மறுபடியும் கிசாக்கி. கிசாக்கியும் கதையிலிருந்து போன பிறகாவது வேறு காரணம் தேடுவார்களா என்றால், தலைவன் மைக்கியின் உள்ளே கிடக்கும் இருண்ட வெறி என்று மங்கா இன்னொரு தனி மனிதனுக்குள் போய் நிற்கிறது. அந்த ஊரில் வேலை எப்படி, பள்ளி எப்படி, சட்டம் எப்படி, அந்தப் பெடியள் ஏறிய மோட்டார் சைக்கிள் யாருடைய காசில் வந்தது என்று ஒரு கேள்வியும் இல்லை. பொலிஸ் சைரன் கேட்டால் கூட்டம் கலையும், அவ்வளவுதான்.

உண்மையான வரலாறு இதைவிட எவ்வளவோ சுவையானது. 1950களில், ஜப்பான் சாம்பலிலிருந்து எழுந்து மோட்டார் சைக்கிள் செய்து குவிக்கத் தொடங்கிய காலத்தில், சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டிய இளைஞர்களை 'கமினாரி ஸோக்கு', அதாவது இடிக் கூட்டம், என்று ஊர் அழைத்தது. அன்றைக்கு வண்டி வாங்க வசதி வேண்டும். 1970களில் வண்டி மலிந்தது. தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் போன பெடியளின் கைக்கும் அது எட்டியது. அப்போது பரவிய பெயர்தான் 'போசோஸோக்கு', தறிகெட்டு ஓட்டும் கூட்டம். 1976இல் யனகிமாச்சி மிட்சுவோ 'பிளாக் எம்பரர்' என்ற குழுவோடு திரிந்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் மோதலைவிடக் கூட்டம் கூடிப் பேசுவதும் வீட்டுக்குள் நடக்கும் பேச்சும்தான் கூடுதல். 1978இல் வீதிப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டது. பலர் சேர்ந்து ஆபத்தாக ஓட்டுவதே தனிக் குற்றம் என்றானது. அப்படியும் 1982இல் பொலிஸ் கணக்கில் ஆட்கள் நாற்பத்திரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். உயர்நிலைப் பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் அதே ஆண்டில் நாடு தழுவிய தீர்மானம் ஒன்றை எடுத்தன: பிள்ளைகள் அனுமதிப்பத்திரம் எடுக்கக் கூடாது, வண்டி வாங்கக் கூடாது, ஓட்டவும் கூடாது. பிறகு எண்ணிக்கை இறங்கியது. பிள்ளைகளின் தொகையே நாட்டில் குறைந்தது. 2004இல் சட்டம் மேலும் இறுகியது. ஊர்வலத்தால் தொல்லைப்பட்டவர் யார் என்று சாட்சி தேடாமலே பொலிஸார் வழக்குப் போட முடிந்தது. டக்கெமிச்சி போய் இறங்கும் 2005 என்பது, இந்த வழக்கம் தேய்ந்துகொண்டிருந்த ஆண்டு. தொடரில் அதன் சுவடே இல்லை. நூற்றுக்கணக்கில் பெடியள் திரண்டு நிற்கிறார்கள், ஏதோ 1980 போல.

அந்த அங்கியைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளம். கறுப்பு, வெள்ளை, சிலவேளை சிவப்பு. முன்பக்கம் திறந்திருக்கும். உள்ளே சட்டை இல்லை, வயிற்றைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டு மட்டும். முதுகிலும் கைகளிலும் பொன் நூலால் குழுவின் பெயரும் வீர வாசகமும் பின்னப்பட்டிருக்கும். பெயருக்கு, ஓசை பொருந்தி வருகின்ற, பார்த்தாலே மிரட்டுகின்ற கடினமான சீன எழுத்துகளாகத் தேடி எடுப்பார்கள். பள்ளியில் எழுத்துப் பாடத்தில் தோற்றவன் என்று பெயரெடுத்த பையன் அகராதியில் கிடக்கும் எழுத்தை முதுகில் சுமக்கிறான்! இந்த ஒரு விவரத்துக்குள் எத்தனை கதை இருக்கிறது. தையலுக்கும் பின்னலுக்கும் காசு, அந்தக் காசுக்குப் பல நாள் கூலி. தோற்றம் வலதுசாரிக் கூட்டங்களின் சீருடை வழியாகப் போர்க்காலத்திலிருந்து வந்தது. 1945இல் இறந்த விமானிகளில் பலர் இருபது வயதைச் சுற்றியவர்கள். அவர்கள் இறந்து பல ஆண்டு கழித்துப் பிறந்த பெடியள், ஏறக்குறைய அதே வயதில், அந்தப் பெயரையே உடுத்திக்கொண்டு இரவில் ஊரைச் சுற்றினார்கள். ஏன்? தோற்ற நாட்டின் பிள்ளைகளுக்கு வேறு வீரம் கையில் இருக்கவில்லையா? பெரியவர்கள் வாய்திறக்காத ஒன்றை அவர்களுக்கு எரிச்சலூட்டவே போட்டார்களா? எந்தக் கேள்வியும் டக்கெமிச்சிக்குத் தோன்றவில்லை. அங்கி அவனுக்கு அழகான உடை. தொடரின் வெளிநாட்டுப் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. குழுவின் சின்னமான மஞ்ஜி, எங்கள் கோயில்களிலும் கோலங்களிலும் இருக்கும் அதே ஸ்வஸ்திகம், நாட்சிச் சின்னமாகத் தெரியக்கூடும் என்று மறைக்கப்பட்டது. விளக்கியிருக்க வேண்டிய இடத்தில் மறைத்தார்கள்.

பொழுதுபோக்குக் கதையிடம் வரலாறு கேட்பது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். பிள்ளைகள் பார்க்கும் சண்டைக் கதைக்கு எதற்குச் சட்டமும் தொழிற்சாலையும் என்பார்கள். வரலாறு வேண்டாம் என்ற கதையை நானும் அப்படியே விட்டுவிடுவேன். 'மார்க் ஆண்டனி' படத்தில் கடந்த காலத்துக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். அதில் யாரும் குண்டர் குழுக்களின் தோற்றத்தைத் தேடப் போவதில்லை, படமும் அப்படிப் பாசாங்கு செய்யவில்லை. இந்தத் தொடரோ ஒவ்வொரு முறையும் நிகழ்காலத்துக்குத் திரும்பி வந்து, நல்ல பெடியள் கூட்டம் கொலைகாரக் கும்பலானது எப்படி என்று தானே கேட்கிறது. கேட்டவர்தான் பதிலுக்குப் பொறுப்பு. அதோடு, பதில் அதன் கையிலேயே இருந்தது. தொடக்க அத்தியாயங்களில் கியோமாசா என்ற பெரிய பையன், டக்கெமிச்சியையும் நண்பர்களையும் அடிமைகளாக்கி, பந்தயச் சண்டையில் இறக்கிவிடுகிறான். சுற்றி நின்று காசு கட்டிக் கத்துகிறது ஒரு கூட்டம். தொடரிலேயே நெஞ்சை உலுக்கும் காட்சிகள் இவைதான். 1980களில் கியோத்தோவில் போசோஸோக்குப் பெடியளோடு பழகி ஆராய்ந்த சமூகவியலாளர் இக்குயா சாத்தோ, 'கிதாய் ஸோக்கு' என்ற கூட்டத்தைக் காட்டுகிறார். எதிர்பார்த்து நிற்கும் கூட்டம் என்று பொருள். ஊர்வலம் வரும் இரவுகளில் வீதியோரம் நின்று வேடிக்கை பார்த்துக் கூச்சலிட்டவர்கள் அவர்கள். பார்க்க ஆள் இருந்ததால்தான் அங்கியும் பின்னலும் சத்தமும். அவர் கண்ட பெடியளில் பெரும்பாலோர் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு அது ஓர் ஆட்டம், ஓர் அரங்கம். இருபது வயது நெருங்கினால் 'பட்டம் பெற்று' விலகிவிடுவார்கள். அதற்கு மேல் சிறுவர் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை, வேலை இருக்கிறது, கல்யாணம் வருகிறது. இத்தனை ஆயிரம் பேர் எந்த வீரனும் வந்து காப்பாற்றாமலே வெளியே நடந்து போனார்கள்.

இது எங்களுக்கு எட்டாத ஊரின் கதை அல்ல. 2009இல் போர் முடிந்து சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் ஆவா குழு என்ற பெயர் அடிபடத் தொடங்கியது. மோட்டார் சைக்கிளில் வருவது, வாளால் வெட்டுவது, வீட்டுக் கதவையும் யன்னலையும் அடித்து நொறுக்கிவிட்டுப் போவது. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் பொலிஸார் துப்பாக்கிச் சூடு நடத்திய சம்பவத்தில் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தார்கள். அடுத்த நாட்களில் சுன்னாகத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் இருவர் வாளால் வெட்டப்பட்டனர், ஆவாவின் பெயரில் துண்டுப் பிரசுரம் வந்தது. முன்னைய ஆட்சியில் படைத்தரப்பே இந்தக் குழுவை உருவாக்கியது என்று அப்போதைய அமைச்சர் ராஜித சேனாரத்ன கூறினார், படைத்தரப்பு மறுத்தது. வீட்டுத் திண்ணைகளில் பேச்சு இன்னும் சுருங்கியது: ஏதோ ஒரு கை இதற்குப் பின்னால் இருக்கிறது, அல்லது சினிமா கெடுத்துவிட்டது. கிசாக்கியைத் தேடும் அதே வழி. இங்கே எதிர்த்தரப்புக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. படைகள் இவ்வளவு நெருக்கமாக நிலைகொண்ட ஒரு மாகாணத்தில், வாளோடு இரவில் திரியும் குழு யாருடைய கண்ணிலும் படாமல் எப்படி வளரும் என்பது சரியான சந்தேகம். கை இருந்திருக்கலாம். இருந்தால் அது விசாரிக்கப்பட வேண்டும், தண்டிக்கப்பட வேண்டும். ஆனாலும் அந்தக் கை தடவிக்கொடுக்க ஒரு தலை வேண்டுமே. போருக்குப் பிறகு லீசிங்கில் வந்த மோட்டார் சைக்கிள்கள், வெளிநாட்டிலிருந்து வந்த காசு, வேலை தராத படிப்பு, போரில் காணாமற்போன அண்ணன்மார், வீரம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது, வாளோடு நிற்கும் படத்தை முகநூலில் பார்த்து விருப்பம் போடும் கூட்டம். கையைப் பிடித்தாலும் இவையெல்லாம் ஊரில் அப்படியே இருக்கும். ஜப்பான் 1945க்கும் 1970களுக்கும் இடையே கண்டதை நாங்கள் மிகக் குறைந்த ஆண்டுகளில் கண்டோம். அங்கே இதை ஒருவர் கள ஆய்வாக எழுதினார், ஒருவர் படமெடுத்தார். யாழ்ப்பாணத்து வாள்வெட்டுப் பெடியனின் வீட்டு மேசையில் உட்கார்ந்து தாயோடு பேசிய ஒரு புத்தகம் எங்களுக்கு வேண்டும். பொலிஸ் செய்திக் குறிப்பு அந்த வேலையைச் செய்யாது.

தொடரின் பக்கம் சொல்ல வேண்டிய ஒன்று மிச்சம் உண்டு. டக்கெமிச்சி அடிவாங்குகிறவன். வெல்லத் தெரியாதவன், ஆனால் எழுந்து நிற்பவன், எல்லோர் முன்னும் அழுபவன். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொல்லி வளர்க்கும் எங்கள் ஊர்களில், பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அவனைப் பார்த்து ஆறுதல் கொள்வதில் தவறே இல்லை. ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் அந்த மங்கா பரவியதற்கு அந்தக் கண்ணீருக்கும் பங்குண்டு. அதனாலேயே முடிவு இன்னும் வலிக்கிறது. பன்னிரண்டு ஆண்டு போதாமல், கதை கடைசியில் சின்னஞ்சிறு வயதுக்கே திரும்பிப் போகிறது. இறந்த எல்லோரும் பிழைக்கிறார்கள், குழு கட்டப்பட்டு நல்லபடி கலைக்கப்படுகிறது, கல்யாணத்தில் எல்லோரும் கூடுகிறார்கள். இத்தனை சாவுக்கும் அழுத வாசகரிடம், அவை நடக்கவே இல்லை என்கிறது.

சீனக்குடாவில் 101 குதங்கள் கட்டப்பட்டன. 1942இல் ஒன்று போனது, பின்னர் இன்னொன்று போனது. 2022 ஜனவரியில் இந்தியாவோடு செய்த உடன்பாட்டில் 61, 24, 14 என்று பங்கு பிரித்தார்கள், கூட்டினால் 99. பற்றைக்குள் கிடக்கும் தகடுகளை எந்தப் பங்கிலும் சேர்க்கவில்லை.